இலையில் புள்ளி விழும் இடம்: கிருமி நுழையும் வழியும் செடி போடும் தடுப்பும்

சம்பா பயிர் தூர் கட்டி முடிந்த நேரத்தில் நெல் இலையைப் பிடித்துப் பார்த்தால் இரண்டு விதக் கருகல் கண்ணில் படும். ஒன்று இலைப்பரப்பில் எங்கு வேண்டுமானாலும் விழும். இரு முனையும் கூர்ந்த கண் வடிவம், நடுவில் சாம்பல் நிறம், சுற்றிலும் பழுப்பு விளிம்பு. இது குலை நோய். மற்றொன்று நுனியிலோ ஓரத்திலோ தொடங்கி, நெளிநெளியான விளிம்போடு வைக்கோல் நிறத்தில் கீழே இறங்கும். இது பாக்டீரியா இலைக்கருகல். புள்ளி விழும் இடம் ஏன் மாறுகிறது? குலை நோய்ப் பூஞ்சை இலையின் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. அதற்கு எந்த இடமும் ஒன்றுதான். பாக்டீரியாவுக்குத் துளைக்கத் தெரியாது. செடி தானே வைத்திருக்கும் திறப்பு வழியாகவோ காயம் வழியாகவோதான் அது போக முடியும்.

நம் உடம்பில் ரத்தத்தோடு சுற்றி வந்து கிருமியைத் தேடிப் பிடிக்கும் செல்கள் உண்டு. செடிக்கு அப்படி எதுவும் கிடையாது. கிருமி எந்தச் செல்லைத் தொடுகிறதோ அந்தச் செல்லும் அதன் அக்கம்பக்கமும்தான் சமாளிக்க வேண்டும். அதனால் உள்ளே விடாமல் தடுப்பதற்குச் செடி நிறையச் செலவிடுகிறது. மேலே மெழுகு, அதை ஒட்டிக் கியூட்டின் என்ற கொழுப்புப் படலம், கீழே செல்லுலோஸ் சுவர், நெல் போன்ற சில பயிர்களில் சிலிக்காவும் உண்டு. ‘தோல் தடித்தால் நோய் குறையும்’ என்று பாடப்புத்தகம் இதைச் சுருக்கிவிடுகிறது. எந்தக் கிருமி எந்த வழியில் வருகிறது என்று தெரியாவிட்டால் அந்த வாக்கியத்தால் வயலில் பெரிய பயன் இல்லை.

துளைத்து வரும் பூஞ்சை

குலை நோய் நமக்குப் புதிதல்ல. 1919இல் தஞ்சை டெல்டாவில் பெருஞ்சேதம் செய்த பிறகுதான் இந்தியாவில் இதைத் தீவிரமாகக் கவனிக்கத் தொடங்கினார்கள். பூஞ்சையின் வித்து மூன்று செல் கொண்டது, கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது, காற்றில் வருகிறது. நெல் இலையின் மெழுகு தண்ணீரைத் தங்க விடாது. ஆனால் இந்த வித்து ஈரம் பட்டதும் தன் நுனியில் ஒரு பசையைக் கக்கி அந்த மெழுகின் மேலேயே ஒட்டிக்கொள்கிறது. ஓரிரு மணி நேரத்தில் முளைக்குழல் வெளிவருகிறது. பிறகு அந்தக் குழலின் முனை உப்பிக் குமிழ் போன்ற ஒரு செல்லாகிறது. இதற்கு ஒட்டுறுப்பு என்று பெயர்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. ஒட்டுறுப்பு எங்கும் உருவாகிவிடாது. பரப்பு கடினமாக இருக்க வேண்டும், தண்ணீர் ஒட்டாததாக இருக்க வேண்டும். மெழுகு, கியூட்டின் ஆகியவற்றின் கூறுகள் தட்டுப்பட்டால் இன்னும் நல்லது. நீரை விரட்டச் செடி பூசிய மெழுகே, ‘இது இலைதான், வேலையைத் தொடங்கு’ என்று பூஞ்சைக்கு அடையாளம் காட்டிவிடுகிறது.

ஒட்டுறுப்பின் உட்சுவரில் மெலனின் என்ற கரும்பொருள் படிகிறது. உள்ளே கிளிசரால் சேர்கிறது. மெலனின் படிந்த சுவர் தண்ணீரை உள்ளே விடும், கிளிசராலை வெளியே விடாது. அதனால் தண்ணீர் உள்ளே இழுக்கப்பட்டு அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. அளந்து பார்த்ததில் சுமார் 8 மெகாபாஸ்கல், அதாவது காற்றழுத்தத்தைப் போல் 80 மடங்கு. கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைவிட முப்பது மடங்குக்கு மேல். இந்த அழுத்தம் முழுவதும் அடிப்பக்கத்தில் நுண்ணிய முளை ஒன்றின் வழியே இலைமேல் இறங்குகிறது. 1990களின் தொடக்கத்தில் நடந்த சோதனைகளில் மைலார் போன்ற செயற்கைத் தாளையும் இந்தப் பூஞ்சை துளைத்துக் காட்டியது. நொதியால் கரைக்க வழியில்லாத பொருள் அது. துளைத்தது வெறும் அழுத்தம்தான்.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும். வித்து விழுந்ததிலிருந்து துளைத்து முடிக்கும்வரை இலை ஈரமாகவே இருக்க வேண்டும், சுமாராக எட்டு, பத்து மணி நேரம். பகலில் மூடாக்கு, விட்டுவிட்டுத் தூறல், இரவில் குளிர், காலை ஒன்பது மணிவரை காயாத பனி என்றிருக்கும் கார்த்திகை, மார்கழியில் குலை நோய் பரவுவதன் காரணம் இதுவே. நெருக்கி நட்ட வயலிலும் மரநிழல் விழும் வரப்போரத்திலும் முதலில் தெரிவதும் இதனால்தான்.

டிரைசைக்ளசோல் என்ற மருந்தின் வேலையை இங்கேதான் புரிந்துகொள்ள வேண்டும். அது மெலனின் உருவாவதைத் தடுக்கிறது. மெலனின் இல்லாத ஒட்டுறுப்பில் கிளிசரால் கசிந்துவிடும், அழுத்தம் ஏறாது, முளை இறங்காது. ஆகவே பூஞ்சை துளைப்பதற்கு முன் மருந்து இலையில் இருக்க வேண்டும். கண் வடிவப் புள்ளிகள் நிறைந்த பிறகு அடித்துவிட்டு, ‘புள்ளி மறையவில்லையே’ என்று கடைக்காரரிடம் சண்டை போடுவதில் நியாயமில்லை. இருக்கும் புள்ளி அப்படியேதான் இருக்கும். புதிய இலையில் புள்ளி குறைகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். கதிரின் அடிக்கழுத்தைத் தாக்கும் கழுத்துக் குலை நோய்க்கும் இதே கணக்கு. கதிர் வெளிவரத் தொடங்கும்போதே அடிக்க வேண்டும். கழுத்து கறுத்து மடிந்தபின் அடிப்பது வீண் செலவு. ஏற்றுமதிக்குப் போகும் அரிசி என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2018 முதல் இந்த மருந்தின் எச்ச வரம்பைக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்று குறைத்துவிட்டது.

மண்ணிலிருந்து வரும் கண்ணாடி

நெல்லின் தனிப் பலம் சிலிக்கா. வேர் வழியாக உறிஞ்சப்படும் சிலிசிக் அமிலம் தண்ணீரோடு இலைக்கு ஏறுகிறது. தண்ணீர் ஆவியாகும் இடத்தில் அது கெட்டியாகி, கண்ணாடியின் மூலப்பொருளான அதே சிலிக்காவாகப் படிகிறது. நெல் இலையில் மெழுகும் கியூட்டினும் சேர்ந்த கியூட்டிக்கிள் படலத்தின் தடிப்பு 0.1 மைக்ரோமீட்டர்தான். அதன் கீழே இருக்கும் சிலிக்கா அடுக்கு 2.5 மைக்ரோமீட்டர் என்று 1960களில் ஜப்பானில் அளந்தார்கள். கியூட்டிக்கிளைப் போல் 25 மடங்கு. நெல்லின் உலர் எடையில் பத்து சதவீதம்வரை சிலிக்கா இருக்கலாம். தக்காளியில் அது மிகச் சொற்பம். இந்த வேறுபாட்டுக்கு வேரில் இருக்கும் கடத்திப் புரதங்களே காரணம் என்பது 2006, 2007ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகளில் தெளிவானது.

ஒருமுறை படிந்த சிலிக்கா நகராது. தழைச்சத்தைப் பழைய இலையிலிருந்து புதிய இலைக்கு மாற்றிக்கொள்வதுபோல் இதை மாற்ற முடியாது. ஆகவே புதிதாக விரிந்த இலையும் அப்போதுதான் வெளிவந்த கதிர்க்கழுத்தும் எப்போதும் பலவீனமான இடங்கள். அடியிலை தப்பிக்க நுனியிலையும் கழுத்தும் மாட்டிக்கொள்வதில் இதற்கும் பங்கு உண்டு.

ஹெக்டேருக்கு 5 டன் நெல் விளையும் பயிர் மண்ணிலிருந்து 230 முதல் 470 கிலோவரை சிலிக்கான் எடுக்கிறது. அதில் பெரும்பகுதி வைக்கோலிலும் உமியிலும் போய்விடுகிறது. ஒரு டன் வைக்கோலில் 40 முதல் 70 கிலோவரை சிலிக்கான் இருக்கும். முன்பு அதில் ஒரு பங்காவது மாட்டுச் சாணமாக, எருவாக வயலுக்குத் திரும்பியது. இப்போது அறுவடை இயந்திரம் வெளியேறும் முன்பே வைக்கோல் கட்டும் இயந்திரம் வந்துவிடுகிறது, கட்டுகள் லாரி ஏறிவிடுகின்றன. மண்ணில் மணல் நிறைய இருக்கிறதே என்று கேட்கலாம். மணலும் சிலிக்காதான், ஆனால் பயிர்க் காலத்துக்குள் கரைந்து வேருக்குக் கிடைக்காது. ஜப்பானில் எஃகு ஆலைக் கசடான கால்சியம் சிலிக்கேட்டை 1955லேயே உரமாக அங்கீகரித்து ஹெக்டேருக்கு ஒன்றரை, இரண்டு டன் போட்டார்கள். நமக்குக் கைக்கெட்டும் பொருள் உமிச்சாம்பல். ஒரு டன் நெல் அரைத்தால் சுமார் 200 கிலோ உமி, அதை எரித்தால் 40 கிலோ சாம்பல், அதில் 85 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா. நாற்றங்காலில் போட்டு மண்ணோடு கலக்க இது ஏற்றது. அரிசி ஆலைக் கொதிகலனில் அதிகச் சூட்டில் வெந்து வெளுத்த சாம்பலைவிட, மிதமான சூட்டில் எரிந்த சாம்பல் மண்ணில் சீக்கிரம் கரையும். உச்ச வெப்பத்தில் சிலிக்கா படிகமாகி இறுகிவிடுவதே காரணம்.

யூரியா இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்குகிறது. 45 கிலோ மூட்டை ஒன்றில் சுமார் 20 கிலோ தழைச்சத்து இருக்கிறது. அதை ஒரே மேலுரமாக ஒரு ஏக்கரில் வீசினால் இலை அகலமாகி, செல்சுவர் மெலிந்து, அதே சிலிக்கா அதிகப் பரப்பில் பரவி நீர்த்துப்போகும். இலைச்சாற்றில் பூஞ்சைக்கு உணவாகும் அமினோ அமிலங்கள் கூடும். பயிர் அடர்ந்து பனி காயத் தாமதமாகும். கரும்பச்சையாக ‘ஜம்மென்று’ நிற்கும் வயலில் முதலில் குலை நோய் விழுவது இதனால். இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டையைப் பார்த்துச் சிறிது சிறிதாகப் பிரித்துப் போடுவதே சரி. மேகமூட்டமும் தூறலும் இருக்கும் வாரத்தில் மேலுரத்தைத் தள்ளிப்போடுவது அதைவிட முக்கியம். வெள்ளைப் பொன்னி, பிபிடி 5204 போன்ற சன்ன ரகங்களில் இதைத் தட்டிக்கழிக்கவே கூடாது.

சிலிக்கா வெறும் சுவர்தானா என்பதில் ஆய்வாளர்களுக்குள் நெடுநாள் விவாதம் உண்டு. சிலிக்கா கிடைத்த நெல்லில் குலை நோய் தாக்கும்போது பூஞ்சையைக் கொல்லும் வேதிப்பொருட்களும் கூடுதலாகச் சுரக்கின்றன. சுவரும் வேலை செய்கிறது, எச்சரிக்கை அமைப்பும் விழிப்பாகிறது என்று இரண்டையும் ஏற்பதே பொருத்தமாகப் படுகிறது.

ஓரத்தில் இருக்கும் திறப்பு

விடியற்காலையில் நெல் இலையின் நுனியிலும் ஓரத்திலும் நிற்கும் சொட்டுகளில் பெரும்பாலானவை பனி அல்ல. வேரழுத்தத்தால் செடியே வெளியேற்றிய நீர். அது வெளிவரும் துளைகளுக்கு நீர்த்துளைகள் என்று பெயர். காற்று போய்வரும் இலைத்துளைபோல் இவற்றை இறுக மூட முடியாது. நேரே தண்ணீர் கடத்தும் சைலக் குழாயில் போய் முடிகின்றன. வெயில் ஏறியதும் சொட்டின் ஒரு பகுதி உள்ளே திரும்ப இழுக்கப்படும். பாக்டீரியா அந்தச் சொட்டில் இருந்தால் அதுவும் கூடவே போகும். இலைக்கருகல் ஓரத்தில் தொடங்கி நரம்பு வழியே கீழிறங்குவது இப்படித்தான்.

சந்தேகம் இருந்தால் வயலிலேயே பார்த்துவிடலாம். கருகலும் பச்சையும் சேரும் இடத்தைக் கத்தரித்து, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெட்டுமுனை தண்ணீரில் படும்படி பிடிக்கவும். சில நிமிடங்களில் வெட்டுமுனையிலிருந்து பால்போல் மெல்லிய இழை இறங்கினால் பாக்டீரியா. குலை நோயிலோ சாம்பல் சத்துக் குறைபாட்டிலோ இப்படி வராது.

இதே பாக்டீரியாவின் நெருங்கிய உறவான இன்னொரு வகை, நீர்த்துளையை விட்டு இலைத்துளை வழியாக நுழைகிறது. அது குழாய்க்குள் போகாமல் நரம்புகளுக்கு நடுவே உள்ள திசுவில் தங்குவதால், நரம்புகளுக்கு இடையே மெல்லிய கோடுகளாக நோய் தெரியும். வாசல் மாறியதும் நோயின் உருவமே மாறிவிடுகிறது.

நடவு நேரத்தில் ஒரு பழக்கம் இங்கே குறுக்கே வருகிறது. குருத்துப்பூச்சியின் முட்டைக் குவியல் நாற்றின் நுனியில் இருக்கும் என்பதால் நுனியைக் கிள்ளிவிட்டு நடச் சொல்வது உண்டு. இலைக்கருகல் வரும் பகுதியில் நுனியைக் கிள்ளாதே என்பதும் அதே வேளாண் பரிந்துரையில் இருக்கிறது. இரண்டும் சரிதான், ஆனால் இரண்டையும் ஒரே வயலில் செய்ய முடியாது. நூற்றுக்கணக்கான நாற்றுகளின் குழாய்களை ஒரே நாளில் திறந்துவிட்டு, சேற்றுத் தண்ணீரில் நட்டால் பாக்டீரியாவுக்கு அதைவிட நல்ல வாசல் கிடையாது. இளநாற்று முழுதாக வாடிச் சாகும் நிலையும் இப்படித் தொடங்கக்கூடியதே. சென்ற பட்டத்தில் இலைக்கருகல் இருந்த வயல் என்றால் கிள்ளக் கூடாது. முட்டைக் குவியல் இருக்கும் நாற்றை மட்டும் பார்த்து நீக்கினால் போதும். நோய் வந்தபின் தாக்கிய வயலின் தண்ணீரை அடுத்த வயலுக்குப் பாயவிடாமல் வடிப்பதும், யூரியாவை நிறுத்துவதும் முதல் வேலை. புயலுக்குப் பிறகு இந்நோய் திடீரென்று பெருகுவதற்கு இலைகள் ஒன்றோடொன்று உரசிக் கிழிவதும் காரணம்.

மூடத் தெரிந்த துளை

இலைத்துளை சும்மா திறந்து கிடப்பதில்லை. பாக்டீரியாவின் வால் புரதத்தை உணர்ந்ததும் துளையின் இருபுறமும் இருக்கும் காப்புச் செல்கள் ஓரிரு மணி நேரத்தில் அதை மூடிவிடுகின்றன என்று 2006இல் ஆய்வகங்களில் வளர்க்கும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் காட்டினார்கள். அதே ஆய்வு எதிர்த்தரப்பையும் காட்டியது. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் வகை ஒன்று கொரோனடைன் என்ற நச்சைச் சுரந்து மூடிய துளையை மூன்று, நான்கு மணி நேரத்தில் திறக்க வைக்கிறது. காற்று ஈரப்பதம் உச்சத்தில் இருந்தால் இந்த மூடும் வேலையே சரியாக நடப்பதில்லை.

துளையின் வடிவமும் பேசும். எலுமிச்சை வகைகளில் பாக்டீரியாவால் வரும் சொறி நோயைப் பற்றி 1921லேயே ஒரு கவனிப்பு உண்டு. மாண்டரின் ஆரஞ்சின் இலைத்துளைக்கு மேல் கியூட்டிக்கிள் விளிம்பு உள்நோக்கி நீண்டு வாயைக் குறுக்கிவிடுகிறது, தண்ணீர் நுழைவதில்லை; கிரேப்ஃப்ரூட்டில் வாய் அகலம், நோயும் அதிகம். நம் எலுமிச்சையும் சொறி நோய்க்கு எளிதில் ஆட்படும் இனம். நொடிக்கு 8 மீட்டருக்கு மேல் வேகமாக வீசும் காற்றோடு மழை சேர்ந்தால் தண்ணீர் அழுத்தமாகத் துளைக்குள் தள்ளப்படும். ஆகவே தோட்டத்துக்குக் காற்றுத் தடுப்பு மரவரிசை மருந்துக்கு நிகரானது. இலைத் துளைப்பான் புழு துளிரில் போடும் வெள்ளிக் கோடுகள் தோலைப் பிரித்து உட்திசுவைத் திறந்துவிடுவதால், துளிர் பருவத்தில் புழுவைக் கட்டுப்படுத்துவதும் சொறிக்கான வைத்தியமே. இலை முழுதாக விரிந்து தடித்துவிட்டால் அபாயம் குறையும். ஒரு எச்சரிக்கை: மருந்து நன்றாகப் பரவ வேண்டும் என்று ஒட்டும் திரவத்தை அளவுக்கு மீறி ஊற்றி, உயர் அழுத்தத்தில் அடித்தால், தண்ணீர் தானாக நுழையாத துளைக்குள்ளும் நாமே அதை ஏற்றிவிடுகிறோம்.

துரு நோய்ப் பூஞ்சைகளுக்கு இலைத்துளையைத் தேட ஒரு தடவும் திறன் இருக்கிறது. பீன்ஸ் துரு, காப்புச் செல்லின் உதட்டு உயரமான அரை மைக்ரோமீட்டர் மேட்டைத் தட்டிப்பார்த்தே ‘இங்கேதான் துளை’ என்று முடிவு செய்கிறது. 1987இல் அதே உயரத்தில் மேடுகள் செதுக்கிய பிளாஸ்டிக்கைக் கொடுத்தபோதும் அங்கே நின்று ஒட்டுறுப்பு கட்டியது.

உள்ளே வந்த பிறகு

முளை இறங்கத் தொடங்கிய இடத்துக்கு நேர் கீழே, சில மணி நேரத்துக்குள் செல் உள்பக்கமாக ஒரு மேட்டைக் கட்டுகிறது. கல்லோஸ் என்ற சர்க்கரைச் சங்கிலிதான் இதன் முக்கியப் பொருள். கூடவே சுவரை இறுக்கும் லிக்னின், புரதங்கள். மேடு முளையைவிட வேகமாக வளர்ந்தால் பூஞ்சை அங்கேயே நின்றுவிடும். ஐரோப்பாவில் பார்லியின் சாம்பல் நோய்க்கு எதிராக 1979 முதல் பயிரிடப்படும் எம்எல்ஓ ரகங்கள், அதாவது எம்எல்ஓ என்ற மரபணு செயலிழந்தவை, இந்த வேகத்தில் ஜெயிப்பவை. பல நோய் எதிர்ப்பு ரகங்கள் சில ஆண்டுகளில் தோற்றுப்போக, இவை பல பத்தாண்டுகள் தாக்குப்பிடித்திருக்கின்றன.

ஆனால் 2003இல் ஒரு குழப்பம் வந்தது. காயத்தில் கல்லோஸ் கட்டவே முடியாத அராபிடாப்சிஸ் செடி சாம்பல் நோய்க்கு எளிதில் பலியாகும் என்று எதிர்பார்த்தால், அது முன்னைவிட நன்றாகத் தாங்கியது. கல்லோஸ் இல்லாததால் சாலிசிலிக் அமிலம் என்ற வேதிப்பொருள் வழியே நடக்கும் எச்சரிக்கைப் பாதை அளவுக்கு மீறி முடுக்கப்பட்டிருந்தது. பத்தாண்டு கழித்து, கல்லோஸ் கட்டும் நொதியை மிகையாக உருவாக்கும் செடியில் கல்லோஸ் முன்கூட்டியே பெரிதாகக் கட்டப்பட்டு, பூஞ்சை முற்றிலும் நின்றது. சுவரின் பருமனைவிட அது எப்போது எழும்புகிறது என்பதே தீர்மானிக்கிறது.

கோயம்புத்தூரில் உருவான கோ 39 நெல்லை இதற்கு உதாரணம் காட்டலாம். உலகம் முழுக்கக் குலை நோய் ஆய்வில் ‘எளிதில் தாக்கப்படும் ரகம்’ என்று ஒப்பிட்டுப் பார்க்கப் பயன்படுவது அதுதான். அதே கோ 39க்குள் ஓர் எதிர்ப்பு மரபணுவை மட்டும் சேர்த்த வரிசைகள் இருக்கின்றன. மெழுகு, சிலிக்கா எல்லாம் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் பூஞ்சையை அடையாளம் கண்டதும் தாக்கப்பட்ட செல் தானே செத்து, பூஞ்சையை அங்கேயே முடக்குகிறது. இலையில் கண் வடிவத்துக்குப் பதில் ஊசிமுனைப் பழுப்புப் புள்ளி மட்டும் மிஞ்சும்.

வாழையில் இதே போட்டி குழாய்க்குள் நடக்கிறது. வாடல் நோய்ப் பூஞ்சை வேர் வழியே சைலக் குழாயில் ஏறும்போது, பக்கத்துச் செல்கள் குழாய்க்குள் பலூன்போல் பிதுங்கியும் பசை சுரந்தும் அதை அடைக்கின்றன. எதிர்ப்புள்ள ரகத்தில் அடைப்பு ஓரிரு நாளில் முடிந்து பூஞ்சை சிறைப்படும். ரஸ்தாளியில் அது தாமதமாகி, பூஞ்சை மேலே போனபின் குழாய் அடைபடுகிறது. அப்போது அடைப்பே தண்ணீரை நிறுத்தி மரத்தை வாடவைப்பதில் பங்கு வகிக்கிறது.

காயம் ஆறும் பயிரும் ஆறாத பயிரும்

உருளைக்கிழங்கு காயத்தை மூடத் தெரிந்த பயிர். வெட்டுப்பட்ட பரப்பின் செல்கள் சில நாட்களில் சுபெரின் என்ற மெழுகுப்பொருளைச் சுவரில் ஏற்றி, பிறகு கீழே புதிய தக்கை அடுக்கைக் கட்டுகின்றன. இதற்கு 13 முதல் 16 டிகிரி வெப்பமும், 90 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதமும், 10 முதல் 14 நாளும் கொடுத்தால் போதும். பலர் தவறுவது மூன்று இடங்களில். செடியின் தழை காய்ந்து இரண்டு வாரமாவதற்குள் தோண்டுவதால் தோல் உரிகிறது. தோண்டிய கிழங்கை உடனே குளிர்பதனக் கிடங்கில் தள்ளுவதால் சூடு போதாமல் தக்கை கட்டுவதில்லை. கழுவிய ஈரத்தோடு மூட்டை கட்டினால் மேற்பரப்பில் தண்ணீர்ப் படலம் நின்று, காற்றுப் புகாமல் அழுகல் பாக்டீரியா முந்திக்கொள்கிறது. சர்க்கரைவள்ளிக்கு 29 முதல் 32 டிகிரி வேண்டும். நான்கு முதல் ஏழு நாளில் முடிந்துவிடும்.

மாமரம், வேம்பு போன்ற மரங்கள் காயத்தை ஆற்றுவதில்லை, அடைத்து ஒதுக்குகின்றன. கெட்ட கட்டையைச் சுற்றித் தடுப்பு எழுப்பி, வெளியே புதுக் கட்டையைப் போர்த்துகின்றன. கிளையை வெட்டும்போது அடியில் இருக்கும் தடித்த வளையத்தை விட்டு அதற்கு வெளியே வெட்டச் சொல்வது இதற்காக. தடுப்பு எழும்பும் திசு அந்த வளையத்தில்தான் இருக்கிறது.

தென்னைக்கு அந்த வசதியும் இல்லை. ஒருவித்திலைத் தாவரம், தண்டைச் சுற்றிப் புதுக் கட்டை கட்டும் கேம்பியம் கிடையாது. இருபது வருடம் முன்பு ஏறுவதற்காக வெட்டிய படி இன்றும் அதே அளவில் திறந்து கிடக்கும். சாறு வடியும் தண்டு நோயின் பூஞ்சை தண்டின் வெடிப்பிலும் வெட்டுக்காயத்திலும் நுழைந்து, செம்பழுப்புத் திரவம் வழிய வைக்கிறது. அடியில் கெட்ட பகுதியை உளியால் நல்ல திசு தெரியும்வரை செதுக்கி, சீவல்களை எரித்து, காயத்தில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை பூச வேண்டும். செடி தானே போடாத தோலை நாம் பூசுகிறோம், அவ்வளவுதான். மழையில் கரைந்தால் மறுபடி பூச வேண்டும். காண்டாமிருக வண்டு குருத்தில் போட்ட ஓட்டைக்கும் இதே நிலைதான். அந்த வழியாகச் சிவப்புக் கூன்வண்டு உள்ளே இறங்கிவிடும். ஏறுவதற்குப் படி வெட்டாமல் தளைக்கயிறோ ஏறும் கருவியோ பயன்படுத்துவதும், உழவுக் கலப்பை அடித்தண்டிலும் வேரிலும் படாமல் பார்த்துக்கொள்வதும் தென்னந்தோப்பில் செலவில்லாத நோய்த் தடுப்பு.